பழகிய பாட்டின் பயன்: மழலையர் இசை வகுப்பும் தமிழ்க் குழந்தைப் பாடல் திறனாய்வும்

ஆய்வுச் சுருக்கம்

மூன்று வயதிற்குட்பட்ட குழந்தைகளுக்கான இசை வகுப்புகளில், அக்குழந்தைகள் முன்பே கேட்டுப் பழகிய பாடல்களைத் திரும்பத் திரும்பப் பாடுவது நன்மை தரும் என்னும் கருத்து இன்று பரவலாக ஏற்கப்படுகிறது. 'பழகியது' என்பது பாட்டின் பண்பன்று. பாடுபவருக்கும் குழந்தைக்கும் இடையே உருவாகும் உறவின் பண்பு என்பது இக்கட்டுரையின் வாதம். குழந்தைப் பாடல்களைப் பனுவலாக மட்டும் கொண்டு மதிப்பிடும் தமிழ்த் திறனாய்வு இவ்வுறவைக் காணத் தவறியுள்ளது. சிசு இசையறிவு குறித்த அண்மை ஆய்வுகளையும், பெரியாழ்வார் முதல் பருப்பு கடைதல் வரையான தமிழ் மரபின் வடிவக் கூறுகளையும் ஒருங்குவைத்து இவ்வாதம் முன்வைக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: குழந்தைப் பாடல், தாலாட்டு, பிள்ளைத்தமிழ், ஈற்றுத்தொடர், மழலையர் இசை வகுப்பு, அங்கன்வாடி.

சிக்கல்

குழந்தைப் பாடல்கள் குறித்த தமிழ்த் திறனாய்வு நூல்களிலும் ஆய்வேடுகளிலும் வழங்கும் அளவுகோல்கள் ஏறத்தாழ ஒரே தன்மையன. சொல் எளிமை, எதுகை மோனை, சந்த ஓட்டம், கருத்தின் பொருத்தம், அறக்கூறு ஆகியனவே அவை. இவை ஐந்து வயதிற்கு மேற்பட்ட, எழுத்தறியத் தொடங்கிய குழந்தையை மனத்திற்கொண்டு உருவானவை. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை, அழ. வள்ளியப்பா முதலியோரின் பாடல்களை மதிப்பிட இவை பெரிதும் உதவின. பாரதியின் பாப்பா பாட்டும் ஏவலைப் புரிந்துகொள்ளும் வயதுடைய குழந்தையையே விளிக்கிறது.

ஆனால் ஆறு மாதக் குழந்தையும் ஒன்றரை வயதுக் குழந்தையும் பாட்டின் பொருளைக் கேட்பதில்லை. அவை கேட்பது குரலையும், மெட்டையும், அடுத்து என்ன வரும் என்னும் எதிர்பார்ப்பையுமே. எனவே அப்பருவத்திற்குரிய பாட்டை மேற்கண்ட அளவுகோல்களால் அளப்பது பொருந்தாது. இப்பொருந்தாமை நூலகத்தோடு நிற்பதன்று. நகர்ப்புறங்களில் தாயும் சேயும் சேர்ந்து அமரும் இசை வகுப்புகள் நடைபெறுகின்றன. பிறப்பு முதல் மூன்று வயது வரையான குழந்தைகளின் தூண்டல் செயல்பாடுகளுக்கென 'நவசேத்னா' என்னும் தேசியச் சட்டகத்தை இந்திய அரசு 2024இல் வெளியிட்டுள்ளது. தமிழ்நாட்டில் 54 ஆயிரத்திற்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இயங்குகின்றன. இவ்விடங்களில் எந்தப் பாட்டை, எத்தனை முறை, யார் பாடுவது என்னும் வினாவுக்கு விடை சொல்ல வேண்டிய நிலையில் திறனாய்வு உள்ளது. 'நல்ல பாடல்களைத் தேர்ந்து கொடுங்கள்' என்பது அதன் வழக்கமான விடை. அவ்விடை போதாது.

ஆய்வுகள் காட்டுவன

பழக்கத்தின் ஆற்றலை முதலில் ஐயமற நிறுவியவை நினைவு பற்றிய ஆய்வுகள். ஏழு மாதக் குழந்தைகளுக்கு மொசார்ட்டின் இசைப்பகுதிகளை இரண்டு வாரங்கள் நாள்தோறும் ஒலிக்கச் செய்து, பின் இரண்டு வாரங்கள் இடைவெளி விட்டுச் சோதித்தபோது, அவை பழகிய இசையைப் புதிய இசையிலிருந்து வேறுபடுத்தி அறிந்தன என்று சாஃப்ரன் குழுவினர் 2000இல் காட்டினர். ஆறு மாதக் குழந்தைகள் பழகிய மெட்டைச் சுருதி மாற்றிப் பாடினாலும் இனங்காண்கின்றன என்பது பிளாண்டிங்காவும் டிரெய்னரும் 2005இல் கண்ட முடிவு. அம்மா பாடிய பாட்டைப் பாட்டி தம் கட்டைக் குரலில் பாடினாலும் குழந்தைக்கு அது அதே பாட்டு எனலாம்.

எனினும் நினைவு வேறு, நன்மை வேறு. இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள தொலைவைத் துல்லியமாகக் காட்டுவது மேர், சாங், ஸ்பெல்கே ஆகியோர் 2016இல் வெளியிட்ட ஆய்வு. ஐந்து மாதக் குழந்தைகள் ஒரு புதிய மெட்டை மூன்று வழிகளில் கேட்கும்படி செய்யப்பட்டது. ஒரு குழுவுக்குப் பெற்றோரே வீட்டில் பாடினர். மற்றொரு குழுவுக்குப் பாடும் பொம்மை ஒன்று அம்மெட்டை ஒலித்தது. மூன்றாம் குழுவுக்குக் கனிவுடைய, ஆயினும் அறிமுகமற்ற ஒருவர் காணொளி அழைப்பு வழியே பாடினார். பின்னர் முன்பின் அறியாத இருவர் குழந்தைமுன் தோன்றி, ஒருவர் பழகிய மெட்டையும் மற்றவர் வேறொன்றையும் பாடினர். பெற்றோர் வாயிலாகக் கேட்ட குழந்தைகளே பழகிய மெட்டைப் பாடியவரை விரும்பி நோக்கின. காணொளி வழியே கேட்ட குழந்தைகளிடம் அவ்விருப்பம் தோன்றவில்லை. ஆனால் பல மாதங்கள் கழிந்த பின்னும் அம்மெட்டு அவற்றின் நினைவில் இருந்தது. பாட்டு நினைவில் தங்கியும் அது உறவாகவில்லை என்பதே இதன் பொருள். பழகிய பாடல் பற்றிய விவாதம் முழுவதும் இவ்வோர் இடத்தில்தான் திரும்ப வேண்டும் என்பது என் கருத்து.

சிரெல்லியும் டிரெஹபும் செய்த இரு ஆய்வுகள் இதனை மேலும் தெளிவுறுத்துகின்றன. 2018இல் வெளிவந்த ஆய்வில், தமக்குப் பழகிய பாட்டைப் பாடிய அயலாருக்குப் பதினான்கு மாதக் குழந்தைகள் கூடுதலாக உதவின. கீழே விழுந்த பொருளை எடுத்துக் கொடுப்பது போன்றது அவ்வுதவி. 2020இல் வெளிவந்த ஆய்வு எட்டு மாத, பத்து மாதக் குழந்தைகளின் மனவருத்தத்தைப் பற்றியது. பெற்றோர் சிறிது நேரம் முகத்தில் அசைவின்றி இருந்து குழந்தை வருந்தியபின், பழகிய பாட்டு, பழகாத பாட்டு, கொஞ்சிப் பேசுதல் ஆகிய மூன்றால் அதனைத் தேற்ற முயன்றனர். பேச்சைவிடப் பாட்டு பயன்பட்டது. பாட்டிலும் பழகியதே மிகுதியாகப் பயன்பட்டுக் குழந்தையைப் புன்னகைக்க வைத்தது. இங்கே நோக்கத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. தோலின் மின்கடத்தலை அளந்தபோது, உடலின் கிளர்ச்சி மிகத் தணிந்திருந்தது பழகாத பாட்டின்போதுதான். பழகிய பாட்டில் அது சற்று உயர்ந்தே இருந்தது. பழகிய பாட்டு குழந்தையை மயக்கி அடக்குகிறது என்னும் பொதுநம்பிக்கை இதனால் தளர்கிறது. அது தேற்றும்போதே உவகையூட்டுகிறது. தாலாட்டை உறக்கத்தின் கருவியாக மட்டும் வகைப்படுத்தும் நம் நாட்டார் வழக்காற்று நூல்கள் இவ்வேறுபாட்டைக் கருத வேண்டும்.

மறுதலையான சான்றையும் மறைத்தல் ஆகாது. கோர்பேய், டிரெஹப், பெரெட்ஸ் ஆகியோரின் ஆய்வில் முற்றிலும் அறிமுகமற்ற துருக்கி மொழிப் பாடல்களைக் கேட்ட குழந்தைகள், பேச்சைக் கேட்டவற்றைப்போல் ஏறத்தாழ இருமடங்கு நேரம் அழாமல் இருந்தன. ஆகவே புதிய பாட்டு பயனற்றது என்று எவரும் சொல்ல இயலாது. பாடுதலின் பொதுநன்மைமேல் பழக்கம் சேர்க்கும் தனிநன்மை என்ன என்பதே கேள்வி.

வகுப்பையே நேரடியாக ஆய்ந்தது ஜெர்ரி, அன்ரா, டிரெய்னர் ஆகியோர் கனடாவில் நடத்தி 2012இல் வெளியிட்ட ஆய்வு. ஆறு மாத வயதில் தொடங்கி ஆறு மாதங்கள் வாரந்தோறும் நடந்த இரு வகை வகுப்புகள் ஒப்பிடப்பட்டன. ஒன்றில் பெற்றோரும் குழந்தைகளும் சிறுதொகையான தாலாட்டுகளையும் செய்கைப் பாடல்களையும் சேர்ந்து பாடி, வீட்டிலும் அவற்றைத் தொடர்ந்தனர். மற்றொன்றில் பதிவிசை பின்னணியில் ஒலிக்கக் குழந்தைகள் விளையாடின. முதல் வகுப்பின் குழந்தைகளிடம் சுட்டுதல், கையசைத்தல் போன்ற சைகைத் தொடர்பு விரைந்து வளர்ந்தது. அவை மிகுதியாகச் சிரித்தன. புதிய சூழலில் குறைவாகக் கலங்கின. பழகிய பாட்டின் வெற்றிக்குச் சான்றாக இவ்வாய்வை எடுத்துக்காட்ட விழைவோர் சற்றே நிதானிக்க வேண்டும். திரும்பப் பாடுதல், பெற்றோரின் பங்கேற்பு, உடலசைவு ஆகிய மூன்றும் அவ்வகுப்பில் பிரிக்க முடியாதபடி கலந்துள்ளன. ஆயினும் இக்கலப்பு ஆய்வின் குறையாகத் தோன்றினாலும் வாழ்வின் உண்மைக்கு அதுவே நெருக்கமானது. மடியின்றி, கையின்றி, ஒரே குரலின்றி எந்தப் பாட்டும் ஒரு சிசுவுக்குப் பழகுவதில்லை.

பயின்று வருதல்

தமிழில் 'பயில்' என்னும் வினை கற்றலையும் குறிக்கும். அடுத்தடுத்து நிகழ்தலையும் குறிக்கும். ஒரு சொல் ஒரு நூலில் பயின்று வருகிறது என்று உரையாசிரியர் நடையில் இன்றும் எழுதுகிறோம். இவ்விரு பொருளும் ஒரே வினையில் தங்கியிருப்பது, குழந்தைப் பாட்டின் வடிவத்தைப் புரிந்துகொள்ள எடுத்துக்காட்டைப் போல் உதவுகிறது.

பெரியாழ்வார் திருமொழியின் தொடக்கப் பதிகங்கள் கண்ணனின் குழந்தைமையைப் பாடுவன. தாலாட்டு, அம்புலி, செங்கீரை, சப்பாணி, தளர்நடை, அச்சோ, புறம்புல்கல், அப்பூச்சி என அவை வரிசைப்படும். அவற்றுள் பெரும்பாலானவற்றில் பாசுரந்தோறும் வரும் தொன்மச் செய்தி மாறும்; இறுதியில் செய்கையைக் குறிக்கும் தொடர் மாறாமல் திரும்ப வரும். பிற்காலத்தில் ஒட்டக்கூத்தரின் குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழ் தொடங்கி வளர்ந்த சிற்றிலக்கிய வகை இவ்வமைப்பைப் பருவந்தோறும் பின்பற்றிற்று. சப்பாணிப் பருவத்தில் கைகொட்ட அழைக்கும் தொடரும், வருகைப் பருவத்தில் வர அழைக்கும் தொடரும் ஒவ்வொரு பாடலின் ஈற்றிலும் நிற்கும்.

பிள்ளைத்தமிழ் பற்றிய ஆய்வுகள் பருவப் பாகுபாட்டையே பெரிதும் வியக்கின்றன. பாட்டியல் நூல்கள் சப்பாணியை ஒன்பதாம் மாதத்தோடு இயைப்பதும், இன்றைய குழந்தை வளர்ச்சி அட்டவணைகளில் கைதட்டல் ஏறத்தாழ அதே காலத்தில் இடம்பெறுவதும் வகுப்பறைகளில் தவறாமல் சுட்டப்படும் ஒப்புமை. ஒப்புமை உண்மையே. ஆனால் வியக்கத்தக்கது மாதக் கணக்கைவிட ஈற்றுத்தொடர்தான். ஆசிரிய விருத்தத்தின் நெடிய அடிகளும் வடசொற் புணர்ப்பும் எந்தக் குழந்தைக்கும் எட்டா. பிள்ளைத்தமிழ் சிசுக்களுக்குப் பாடப்பட்டது என்பதற்கு அதன் நடையே எதிர்ச்சான்று. அது இறைவனையும் அரசனையும் அடியாரையும் குழந்தையாக்கி, வளர்ந்தோர் அவையில் பாடப்பட்டது. அவ்வளவு உயர்ந்த நடைக்கு நடுவிலும் புலவர் ஒரு வீட்டுத் தொடரை மாற்றாமல் வைத்திருக்கிறார். கேட்டவுடன் ஒவ்வொருவர் செவியிலும் தம் வீட்டு முற்றம் ஒலிக்க அத்தொடர் ஒன்றே போதுமானதாய் இருந்தது. பழகியதன் ஆற்றலை இலக்கியம் அறிந்து பயன்கொண்டதற்கு இதனினும் வலிய சான்று தமிழில் அரிது.

இதே அமைப்பை வாய்மொழித் தாலாட்டிலும் காணலாம். மெட்டும் தொடக்க அசைகளும் மாறா. அவற்றுக்கிடையே தாய்மாமனும் அத்தையும் பாட்டனும் வந்துபோவர். குழந்தையை அடித்தது யார் என்று உறவினரை ஒவ்வொருவராக நிறுத்திக் கேட்கும் பகுதியில் உறவுப்பெயர் மட்டும் மாறும். வினாவின் வடிவம் அப்படியே நிற்கும். நா. வானமாமலையின் 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' (1964) முதலிய தொகுப்புகளை ஒட்டி எழுந்த ஆய்வுகள் இவ்வுறவுப் பட்டியலில் சமூக வரலாற்றைத் தேடின. தாய்மாமன் பெருமை, பிறந்த வீட்டு ஏக்கம், சாதி அடையாளம், ஆண்மகவு விருப்பம் எனப் பல செய்திகள் வெளிப்பட்டன. அத்தேடல் தேவையானது. ஆனால் அச்சில் ஏறியபோது மாறும் பகுதிகளே கண்ணுக்குத் தெரிந்தன. மாறாத பகுதியோ 'மேற்படி' என்று சுருங்கியது. நூறு முறை பாடப்பட்டது ஒரு முறை அச்சிடப்பட்டது. குழந்தை எதைக் கேட்டதோ அதுவே பதிப்பில் விடுபட்டது என்பது சற்றே வேடிக்கையானது.

பருப்பு கடைதல் இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. பெரியவர் குழந்தையின் உள்ளங்கையில் தம் முழங்கையை வைத்துப் பருப்புக் கடைவார். அம்மாவுக்கு, அப்பாவுக்கு, தாத்தாவுக்கு என்று விரல் ஒவ்வொன்றாக மடக்கிப் பகிர்வார். பிறகு நண்டும் நரியுமாக அவர் விரல்கள் குழந்தையின் கைவழியே மேலேறி அக்குளில் கிச்சுக்கிச்சு மூட்டும். முதன்முறை கேட்கும் குழந்தைக்கு இது வெறும் தொடுகை. பத்தாம் முறை கேட்கும் குழந்தையோ விரல்கள் மணிக்கட்டைத் தாண்டும்போதே தோளைக் குறுக்கிச் சிரிக்கத் தொடங்கும். கிச்சுக்கிச்சு மூட்டப்படுமுன் வரும் அச்சிரிப்பே பழக்கத்தின் பயன். பாரட், கிளைட்மன் ஆகியோர் 1989இல், முகத்தை மறைத்துக் காட்டும் விளையாட்டில் எதிர்பார்த்த முகத்திற்கு மாறாக வேறு முகம் தோன்றினால் ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளின் சிரிப்பு குறைகிறது என்று கண்டனர். பெரியாழ்வார் அப்பூச்சி காட்டும் விளையாட்டுக்கு ஒரு பதிகம் முழுவதையும் ஒதுக்கியதை இவ்விடத்தில் நினைக்கலாம். அச்சமூட்டும் முகமும் தெரிந்த முகமாய் இருந்தால்தான் அது விளையாட்டு.

இக்கூறுகளைத் தொகுத்து நோக்கினால், தமிழ்ச் சிசுப்பாட்டு பழமையையும் புதுமையையும் எதிர்நிலையில் வைக்கவில்லை என்பது விளங்கும். மாறாத சட்டகம் ஒன்று. அதனுள் மாறும் இடம் ஒன்று. இசை வகுப்புகளில் 'பழைய பாட்டா, புதிய பாட்டா' என்று எழும் விவாதத்திற்கு மரபு தரும் விடை, பழைய மெட்டில் இன்றைய பெயர் என்பதாகும். வகுப்பில் உள்ள குழந்தைகளின் பெயரும், அன்று பெய்த மழையும், யாரோ ஒருவரின் புதுச்செருப்பும் பழகிய பாட்டினுள் நுழைய இடமுண்டு.

வகுப்பில் நிகழ்வது

பழகிய பாட்டின் நன்மையைக் குழந்தையிடம் மட்டும் தேடுவது பாதிப் பார்வை. பயிற்றுநர் ஒரு புதிய பாட்டைத் தொடங்கியவுடன் தாயோ தந்தையோ கேட்பவராகி விடுகிறார். சொற்களைப் பிடிக்க முயன்று பயிற்றுநரின் வாயை நோக்குகிறார். பாட்டு மடியிலிருந்து மேடைக்குப் போய்விடுகிறது. தெரிந்த பாட்டாயின் அவர் கூசாமல் பாடுகிறார். கண் குழந்தையிடம் இருக்கிறது. பெர்கெசன், டிரெஹப் ஆகியோர் 2002இல் கண்டது இத்தொடர்பில் பொருளுடையது. தாய்மார் தம் குழந்தைக்கு ஒரே பாட்டை ஒரு வாரத்திற்கு மேற்பட்ட இடைவெளியில் பாடியபோதும் சுருதியும் வேகமும் ஏறத்தாழ மாறாமல் இருந்தன. தாமே அறியாமல் தாயர் ஒரு சடங்கின் ஒழுங்கோடு பாடுகின்றனர். வகுப்பு அவ்வொழுங்கைக் கலைக்காமல் அதனைச் சுற்றி அமைய வேண்டும்.

ஒரு வாரம் காய்கறி, அடுத்த வாரம் வாகனம், அதற்கடுத்த வாரம் விலங்குகள் எனக் கருப்பொருளை ஒட்டிப் பாடல்களை மாற்றும் முறை இதனால் கேள்விக்குரியதாகிறது. நான்கு வயதுக் குழந்தைக்கு அது சொல்வளம் தரக்கூடும். தளர்நடைக் குழந்தைக்கோ பாட்டு பழகத் தொடங்கும் வேளையில் அது பறிக்கப்படுகிறது. பாடல்களின் எண்ணிக்கையைத் தரத்தின் அறிகுறியாகக் காட்டும் வழக்கம் பெற்றோரைக் கவரலாம். அறிக்கைகளை நிரப்பவும் உதவலாம். ஒரே பாட்டைத் திரும்பப் பாடுவதில் வரும் சலிப்பு பாடுபவருடையது, குழந்தையுடையது அன்று. 'இன்னொருவாட்டி' என்பது பல குழந்தைகளின் முதற்சொற்றொடர்களுள் ஒன்றாய் இருப்பதை எந்தத் தாயும் அறிவார்.

தாய்மொழி நாட்டார் பாடலிலிருந்தே இசைக்கல்வி தொடங்க வேண்டும் என்ற ஹங்கேரிய இசையறிஞர் கோடாயின் கொள்கை (1882–1967) இவ்விடத்தில் அடிக்கடி துணைக்கு அழைக்கப்படுகிறது. அதனை அப்படியே பெயர்த்து நடுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. அவர் கருத்தில் நாட்டார் பாடல் ஒரு தேசத்தின் பொதுச்சொத்து; பழக்கம் தொன்மையால் வருவது. ஆனால் ஒரு பாட்டு ஆயிரம் ஆண்டுப் பழமையுடையதாயினும், பிறந்து ஓராண்டே ஆன குழந்தை அதனைக் கேட்டிராவிட்டால் அக்குழந்தைக்கு அது புதுப்பாட்டே. மரபுப் பாடல் வேறு, பழகிய பாடல் வேறு. நம் கட்டுரைகளில் இவ்விரண்டும் ஒன்றாகவே எழுதப்படுகின்றன.

யாருக்குப் பழகியது?

இவ்வேறுபாட்டை ஏற்றவுடன் சங்கடமான வினாக்கள் எழுகின்றன. அங்கன்வாடியில் அமர்ந்திருக்கும் குழந்தைகளின் வீட்டுமொழி தமிழ் மட்டுமன்று. தெலுங்கும் கன்னடமும் சௌராட்டிரமும் உருதும் பேசும் வீடுகளும், நீலகிரியிலும் பிற மலைகளிலும் இருளர் முதலிய பழங்குடி வீடுகளும், கட்டுமானப் பணிக்கு வந்த வடமாநிலத்தார் குடியிருப்புகளும் உள்ளன. அக்குழந்தைகளுக்கு நம் தாலாட்டு துருக்கிப் பாட்டின் நிலையிலேயே நிற்கிறது. அழுகையை ஆற்றும், ஆனால் உறவைச் சுட்டாது. ஒரு தாய் தம் மொழிப் பாட்டை மையத்தில் ஒருமுறை பாடினால், அதனைப் பணியாளர் கற்று நாள்தோறும் பாடினால், சிரெல்லியும் டிரெஹபும் கண்ட அந்த 'அயலார்' இடத்திற்குப் பணியாளர் வந்துசேர்கிறார். உச்சரிப்புப் பிழையைக் குழந்தை பொருட்படுத்தாது.

திரைப்பாடலும் இவ்வகையில் ஒதுக்கத்தக்கதன்று. பல வீடுகளில் உறங்கவைக்கும் பாட்டு தாத்தா முணுமுணுக்கும் பழைய திரைப்பாடலாகவே இருக்கிறது. இலக்கியத் தரம் கருதி அதனைத் திருத்தி, 'தூய' தாலாட்டு ஒன்றை அவர் கையில் கொடுப்பது, திறனாய்வு தன் அளவுகோலைக் குழந்தையின் செவிமேல் ஏற்றுவதாகும். உள்ளடக்கம் இழிவானதாயின் அதனைச் சுட்டும் கடமை திறனாய்வுக்கு உண்டு. சாதிப்பெருமை பேசும் தாலாட்டையும் அவ்வாறே கேள்வி கேட்க வேண்டும். அது மரபு என்பதால் விலக்குப் பெறாது. மாறும் பகுதியை மாற்றி, மாறாத மெட்டைக் காப்பதற்கு மரபின் வடிவமே வழிவிட்டிருக்கிறது.

கடினமான வினா கைப்பேசி பற்றியது. இன்று கணிசமான குழந்தைகளுக்கு முதலில் பழகும் மெட்டு திரையில் ஆடும் உருவங்களின் மெட்டு. சோறூட்டும் வேளையில் அது நூறு முறை ஒலித்திருக்கும். பழக்கம் என்று பார்த்தால் அதற்கு ஈடில்லை. ஆனால் பொம்மை பாடிய மெட்டுக்கு நேர்ந்ததை மேலே கண்டோம். அம்மெட்டை வகுப்பிலிருந்து துரத்துவது ஒரு வழி. என் பரிந்துரை வேறு. திரையை அணைத்துவிட்டு, அதே பாட்டைத் தாய் தம் வாயால், தம் வேகத்தில், குழந்தையின் கையைப் பிடித்துப் பாடட்டும். நினைவு முன்பே இருக்கிறது. அதற்கு ஒரு முகம் மட்டும் வேண்டும். இது பயன் தருகிறதா என்பதைத் தமிழ்ச் சூழலில் சோதித்துப் பார்ப்பது கடினமன்று. வீட்டில் பாடும் பாட்டுகள் எவை, யார் பாடுகிறார், ஒரு நாளில் எத்தனை முறை, குழந்தை எந்த இடத்தில் சிரிப்புடன் முந்துகிறது ஆகிய நான்கையும் ஓராண்டு பதிவுசெய்யும் களப்பணி ஒரு முனைவர் பட்ட ஆய்வுக்குள் அடங்கும். அத்தகைய பதிவில் பாட்டின் சொற்களுக்கு இணையாகத் திரும்பப் பாடிய எண்ணிக்கையும் எழுதப்பட வேண்டும். 'மேற்படி' என்னும் சொல்லை அதில் பயன்படுத்தலாகாது.